விளக்கு எரிந்தால் முகமும் வர வேண்டும்

ஐயா,

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. எனக்கு ஒன்றுமில்லை. முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து போன் செய்திருப்பாய், நான் எடுக்கவில்லை என்று திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்திருப்பாய். ஏன் எடுக்கவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதை முதலில் சொன்னால் கோபத்தில் மிச்சத்தைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய். உன் அப்பாவின் பொறுமை உனக்கு வந்ததே தவிர, அந்தப் பொறுமை ஈயம் பற்ற வைப்பதோடு உனக்குத் தீர்ந்துவிடுகிறது.

கல்யாண வீட்டுப் பாத்திரங்களை இன்னும் பரணில் ஏற்றவில்லை. ஏற்றித் தர ஆளில்லை, எனக்குத் தெம்பும் இல்லை. அலுப்பாக இருக்கிறது, ஐயா. தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை இது. மாசியில் உன் கல்யாணம் முடிந்ததிலிருந்தே உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். உனக்குத் தெரிந்த கதைகளும் இதில் வரும். தெரியும் என்று தள்ளிவிடாமல் படி. அதெல்லாம் உன் பக்கத்திலிருந்து உனக்குத் தெரியும், என் பக்கத்திலிருந்து தெரியாது.

நான் பஞ்சு மில்லில் ஸ்பின்னிங் ஓட்டியவள் என்பது உனக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்குள் நீ நின்றதில்லை. பக்கத்தில் இருப்பவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் விழாது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் நிறுத்தி நிதானமாக அசைப்போம், கூடவே கை பேசும். இந்தக் கோடியில் இருப்பவள் அந்தக் கோடியில் இருப்பவளிடம் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பாள், பதில் வரும். மாமியார் சண்டை, மகள் சடங்கு, சூப்பர்வைசருக்கு வைத்த பட்டப்பெயர் எல்லாம் அவர் முன்னாலேயே ஓடும், அவருக்குத் தெரியாது. உன் அப்பா அங்கே ஃபிட்டர். புதிதாக வந்தவர்களுக்கு அந்தப் பேச்சு பிடிபட நாளாகும். அவருக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. என்னைப் பார்க்கத்தான் அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டார் என்று என் கூட்டாளிகள் கேலி செய்வார்கள். அவர்கள் சொன்னது நிஜம்தான்.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு லீவு நாளில் மூன்று பேரும் அய்யனார் கோவிலுக்குப் போனோம். மழை பெய்து ஓய்ந்த நேரம், அருவியில் தண்ணீர் இரைந்து விழுந்தது. வந்திருந்தவர்கள் எல்லாரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா அந்தப் பக்கம் பாறையில், நான் இந்தப் பக்கம் உன்னைப் பிடித்துக்கொண்டு. நாங்கள் இரண்டு பேர் மட்டும் சத்தமில்லாமல் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தோம். நீ எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன பேசுகிறீர்கள் என்று என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிக் கேட்டாய். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. "பய ரொம்ப நனையுதான், சளி புடிச்சிரும், தொவட்டி விடு" என்று சொன்னார். அவ்வளவுதான். ஆனால் நீ என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என்னோடு எப்படிப் பேச வேண்டும் என்று அந்த வயதில் உனக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது.

காது போனது ஒரே நாளில் இல்லை. சுற்றிலும் பஞ்சு, அதில் ஒரு துணுக்கை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை, தோன்றியபோது காதில் ஒன்றும் மிச்சமில்லை. மதுரை டாக்டர் நரம்பு போய்விட்டது என்றார். காதில் மாட்ட ஒரு மெஷின் கொடுத்தார். அதை மாட்டினால் இரைச்சல்தான் பெரிதானது, பேச்சு பெரிதாகவில்லை. கழற்றி அலமாரியில் வைத்தேன். எனக்கு அது பெரிய குறையாகவும் தெரியவில்லை, ஏனென்றால் உன் அப்பா இருந்தார். நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அவர் வாசலில் நின்று லைட் சுவிட்சை ஒரு தரம் போட்டு அணைப்பார். நான் திரும்புவேன். திரும்பினால் அவர் முகம் இருக்கும், பேச்சு வரும். இதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். மாரடைப்பில் அவர் போன பிறகு அந்த சுவிட்சை யாரும் அப்படிப் போடவில்லை.

அவர் போன வருஷம்தான் உனக்கு இந்த எலெக்ட்ரானிக்ஸ் கிறுக்குப் பிடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மேசைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்துவிடுவாய். வீடெல்லாம் ஈயப் புகை. அழுகிற வயதும் இல்லை, ஆறுதல் சொன்னால் கேட்கிற வயதும் இல்லை, ஏதோ கையை வேலையில் வைத்திருக்கிறான் என்று நானும் விட்டுவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் பாய் ஒருவர் ரேடியோ சாமான் கடை வைத்திருந்தாரே, அங்கே உன்னோடு நானும் வருவேன். மதுரையிலிருந்து உனக்காகச் சாமான் வரவழைத்துத் தருவார். ஒரு நாள் நீ டப்பாக்களைக் கிளறிக்கொண்டிருக்கும்போது, அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"ஒங்களுக்குத்தான செய்யுதான்? ஒங்களுக்கு என்ன வேணும்னு கேட்டானா?"

நான் சிரித்து மழுப்பினேன். கதவு தட்டினால் தெரிய வேண்டும், குக்கர் விசில் தெரிய வேண்டும் என்று ஏதோ சொன்னேன். எனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்தவர் கடையில் நின்று எப்படிச் சொல்வது?

முதலில் வாசல் மணிக்கு ஒரு பல்பு வைத்தாய். அது நல்ல உபகாரம், அதைக் குறை சொல்ல மாட்டேன். மதுரையில் பாலிடெக்னிக் சேர்ந்த பிறகு ஒரு லீவுக்கு மைக்ரோகன்ட்ரோலர் என்று ஒரு சிப்பைக் கொண்டுவந்தாய். மரவட்டை மாதிரி இரண்டு பக்கமும் கால், நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல். இது ஒரு குட்டி மூளை, நாம் எழுதி வைத்ததைத் திரும்பத் திரும்பச் செய்யும், சலிக்காது என்று சொன்னாய். மில்லில் எங்களையும் அப்படி நினைத்துத்தான் வைத்திருந்தார்கள் என்றேன். நீ சிரிக்கவில்லை. குக்கர் விசிலை மைக் வைத்துக் கேட்டு, எண்ணி, மூன்று வந்ததும் சிவப்பு பல்பை எரிய வைக்கிற பெட்டி செய்தாய். தெருவில் பால்காரர் ஹாரன் அடித்தாலும் அது விசில் என்று எண்ணிக்கொண்டது. நாம் எத்தனை நாள் அரைவேக்காட்டுச் சோறு தின்றோம்! சத்தம் இவ்வளவு நேரம் நீடித்தால்தான் விசில் என்று மாற்றி எழுதி அதைச் சரிசெய்தாய். பல்பு ஒழுங்காக எரிந்த அன்று உன் முகத்தில் அப்பா போன பிறகு நான் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது. குக்கரில் ஆவி எழும்புவதும் வெயிட் ஆடுவதும் என் கண்ணுக்குத் தெரியாதா? பெட்டி இல்லாமலே எனக்குச் சமைக்கத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு பல்பு எரியும் வரை அடுப்பை அணைக்காமல் நின்றேன்.

சிப்பின் சன்னல்மேல் நீ ஒரு காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாய். ஏன் என்று எனக்கு நீ சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் மேசையைப் பார்த்துக் குனிந்தபடி சொல்லியிருப்பாய், உன் உச்சந்தலை சொன்னதை நான் எப்படிப் புரிந்துகொள்ள? அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில் விடாத மழை. சுவரெல்லாம் ஓதம், பெட்டிக்குள் பூசணம். மழை விட்டு வெயில் வந்ததும் மூடியைக் கழற்றி, பழைய பிரஷ்ஷால் தூசி தட்டி, பூசணம் பிடித்த ஸ்டிக்கரையும் உரித்துப் போட்டுவிட்டு, மொட்டை மாடியில் மோர்மிளகாய் காய வைத்த பாய் ஓரத்தில் வைத்தேன். ஓதம் போக வேண்டுமே என்று தினமும் வைத்தேன். வெயிலில் காய்ந்தால் எதுவும் கெடாமல் இருக்கும் என்றுதான் நமக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்து நீ பெட்டியை மாட்டினாய். குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது, பல்பு எரியவில்லை. அந்தச் சன்னல் வழியாக வெயில் போய் நீ எழுதியதை எல்லாம் அழித்துவிட்டதாம்.

அதை மறுபடி எழுத உன் காலேஜ் லேபில் யார் யாரிடம் கெஞ்ச வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்ததால் உனக்குக் கோபம் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்தாய். என் எதிரில் நின்றாய். என் கண்ணைப் பார்த்துக் கத்தினாய்.

"கேக்காத ஆளுகிட்ட எம்புட்டு பேசினாலும் என்னம்மா பிரயோசனம்? அதான் லைட்ட வச்சுப் பேசுதேன். அதையும் அழிச்சிட்டு நிக்க."

ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நீ பேசியதில் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. கோபத்தில் உன் உதடு உன் அப்பாவின் உதடு மாதிரியே திருத்தமாக அசைகிறது, தெரியுமா உனக்கு? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னொரு தரம் சொல்லுலே" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நீ திட்டியதற்கு அழுதேன் என்றுதான் இதுவரை நினைத்திருப்பாய். லைட்டை வைத்துப் பேசுகிறேன் என்றாயே, அப்படியென்றால் என் பிள்ளை இத்தனை நாளும் என்னிடம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான், எனக்குத்தான் விளங்கவில்லை என்று அழுதேன். அடுத்த லீவுக்கு எல்லாவற்றையும் மறுபடி எழுதிக் கொண்டுவந்தாய். இந்த முறை சன்னல்மேல் கறுப்பு டேப். அதையும் குனிந்துகொண்டேதான் மாட்டினாய்.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், புது மாப்பிள்ளை, நீ கூடத்தில் உட்கார்ந்து, போன் மணி அடித்தால் விளக்கு எரிகிற பெட்டி செய்துகொண்டிருந்தாய். குக்கர் பெட்டியைப் பிரித்து, அதே சிப்பை அழித்து, வேறு எழுதியிருந்தாய். மல்லிகா உன் பின்னால் வந்து நின்றாள். கூமாப்பட்டிக்கு அவள் அம்மா வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டாள். நீ "ம்" என்றாய் போலிருக்கிறது. மறுபடி கேட்டாள். நீ திரும்பவில்லை. அவள் முற்றத்துப் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, வாய்க்குள் முனகினாள். நான் எதிர்ப்பக்கம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மில்லில் படித்த படிப்பு என்னை விடுமா?

"காது கேக்காதது அத்தைக்கு இல்ல. இவியளுக்குத்தான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இதை அவளிடம் கேட்டு வைக்காதே, நான் சொன்னேன் என்றும் சொல்லாதே, அப்புறம் என் எதிரில் அந்தப் பெண் வாயைத் திறக்கப் பயப்படும். எனக்கு அமைந்த புருஷன் ஆயிரம் ஸ்பிண்டில் சுற்றுகிற மில் சத்தத்துக்கு நடுவிலும் நான் சொன்னதைத் தெரிந்துகொண்டார். ஒரு சத்தமும் இல்லாத கூடத்தில் உன் பெண்டாட்டி சொன்னது உனக்குத் தெரியவில்லை. நீ கெட்டவன் இல்லை. அவளுக்கும் ஏதாவது ஒரு நல்ல பெட்டி செய்து கொடுப்பாய். பெட்டி கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன குறை என்று உண்மையாகவே உனக்குப் புரியாது. அதுதான் என் பயம்.

ஊருக்குப் புறப்படும்போது எனக்கு விளக்கினாய். இதை மட்டும் என் முகத்தைப் பார்த்து விளக்கினாய், நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போன் செய்வாய், பச்சை விளக்கு எரியும், நான் ரிசீவரை எடுத்து வைத்தால் போதும், அம்மா நன்றாக இருக்கிறாள் என்று உனக்குத் தெரிந்துவிடும். "எடுத்து வச்சிரும்மா, அம்புட்டுதான், நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்றாய். எனக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னாய், தெரியும்.

முதல் ஞாயிறு பச்சை விளக்கு எரிந்ததும் நான் எடுத்தேன், வைக்கவில்லை. பேசினேன். மல்லிகாவுக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டேன். வாசல் முருங்கை காற்றில் முறிந்ததைச் சொன்னேன். உன் அப்பா கனவில் வந்ததைச் சொன்னேன், அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே போகும்போது ஒரு சந்தேகம் வந்தது. நீ கேட்டுக்கொண்டு இருக்கிறாயா, அம்மா எடுத்துவிட்டாள் என்று அப்போதே வைத்துவிட்டாயா? எனக்கு எப்படித் தெரியும்? ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றேன். மில் சத்தத்தில் நின்றபோதுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை, ஐயா. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் நீ சொன்னபடியே எடுத்தேன், வைத்தேன். விளக்கு எரிந்தால் எனக்கு முகம் வேண்டும். உன் அப்பா பழக்கிவிட்ட பழக்கம், இனிமேல் மாறாது.

கல்யாணமான பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. மல்லிகா கூப்பிட்டால் ஈயம் பற்ற வைக்கிற சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பு. வேலை கெட்டுப் போனால் மறுபடி செய்துகொள்ளலாம், அதில் நீ கெட்டிக்காரன். அவள் சொல்வது சின்ன விஷயமாகத்தான் இருக்கும். வீட்டில் பேசுவது எல்லாம் சின்ன விஷயம்தான். சளி பிடிக்கும், துவட்டி விடு என்பதைத் தவிர உன் அப்பா எனக்கு என்ன பெரிய வசனம் பேசினார்? கூமாப்பட்டிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போ. உன்னோடு வந்து பெங்களூரில் இரு என்று என்னைக் கூப்பிட்டாய். பாஷை தெரியாத ஊரில் உதட்டைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்காது, நான் இங்கேயே இருக்கிறேன்.

இனி நேற்றைய கதை. போன திங்கட்கிழமை நாற்காலி போட்டு ஏறி, உன் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கழற்றினேன், பயப்படாதே. கறுப்பு டேப்பைக் கத்தி முனையால் நெம்பி உரித்தேன். பசை நின்றது, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன், சன்னல் பளிச்சென்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து பெட்டி மாடியில் சுண்டைக்காய் வத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சித்திரை வெயில் உனக்குத் தெரியும், இந்தக் கடிதம் உன் கையில் சேருவதற்குள் நீ எழுதியதில் ஒரு எழுத்து மிஞ்சாது. போன தடவை தெரியாமல் செய்தேன். இந்தத் தடவை தெரிந்துதான் செய்தேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை நீ எத்தனை முறை அடித்தாலும் இங்கே விளக்கு எரியாது. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு விசாரிக்காதே, அவர்கள் வந்து மணி அடித்தாலும் நான் கதவைத் திறக்க மாட்டேன். மறுபடி எழுத வேண்டுமானால் நீதான் வர வேண்டும். மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு வா. கோபமாகத்தான் வருவாய், பரவாயில்லை, கோபத்தில் நீ நன்றாகப் பேசுவாய். நீ வருகிற அன்றைக்குக் கதவு சும்மாதான் சாத்தியிருக்கும், தள்ளிக்கொண்டு வா. நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். வாசல் பக்கத்தில் சுவிட்ச் இருக்கிறது. ஒரு தரம் போட்டு அணை. நான் திரும்புவேன்.

அம்மா